பித்ரி: கறுப்பு கடைசியில்தான் வரும்

பித்ரி என்பது கறுத்த உலோகத்தில் வெள்ளியைப் பதிக்கும் பீதர் ஊர்க் கைவினை. பித்ரிப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது கறுப்பு, அப்புறம் அதன்மேல் ஓடும் வெள்ளிக்கொடி. ஆனால் பட்டறையில் அந்தப் பெட்டி உருவாகும் நாட்களில் பெரும்பாலும் நிலையான கறுப்பு என்பதே கிடையாது. வார்ப்பவர், கோடு இழுப்பவர், குழி வெட்டுபவர், வெள்ளி பதிப்பவர் எல்லாரும் சாம்பல் நிற உலோகத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். வெள்ளியைப் பதித்து அரம்போட்டுத் தேய்த்து முடித்த கட்டத்தில் பொருளைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். அடி உலோகமும் வெளுப்பு, வெள்ளியும் வெளுப்பு. நான்கு அடி தள்ளிப் பிடித்தால் வேலைப்பாடே கண்ணில் படாது. மண் பூசிக் கழுவும் கடைசிக் கட்டத்தில்தான் அடி கறுத்து, கொடி மேலே எழுந்து வருகிறது.

கணினியில் வரையும் வடிவமைப்பாளருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. அவர் திரையில் முதல் நொடியே கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோடு. முடிவில் வர வேண்டியதை முதலிலேயே பார்த்துவிடுகிறார். நடுவில் இருக்கும் சாம்பல் நிற வேலையைப் பார்ப்பதில்லை. புதிய வடிவங்கள் பித்ரிப் பட்டறையில் திக்கித் திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கைவினைஞர் புதுமையை ஏற்க மறுக்கிறார் என்று பழிபோடுவது வழக்கம். பல நேரம் அவர் மறுப்பது புதுமையை அல்ல, வெட்ட முடியாத கோட்டை.

கர்நாடகத்தின் வடகிழக்கு மூலையில், ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பீதர். 15-ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்களின் தலைநகரம். 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தோடு இருந்த ஊர். ஊர்ப் பெயரே கலைக்கும் பெயராகிவிட்டது. ஹூக்கா அடிக்கலம், வெற்றிலைப் பெட்டி, எச்சில் படிக்கம், கைகழுவும் கெண்டி என்று தக்காணத்து அரண்மனைகளும் பெரிய வீடுகளும் கேட்டதையெல்லாம் பட்டறைகள் செய்து கொடுத்தன. ஹூக்காவும் படிக்கமும் வழக்கொழிந்த பிறகு கைத்திறன் மிஞ்சியது, செய்வதற்குப் பொருள் இல்லாமல் போனது. வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளருக்கு இங்கே உண்மையான வேலை அந்த இடத்தில்தான்: இன்றைய வீட்டில் எது பித்ரியாக இருக்கலாம் என்று கண்டுபிடிப்பது. கொடியையும் பூவையும் அவர் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

2006-இல் பித்ரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பதிவேட்டின் அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. 2023-இல் பீதரின் மூத்த கலைஞர் ஷா ரஷீத் அகமது காதரிக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இரண்டுமே மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், பொருளுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துத் தராது.

உலோகம் முதலில்

பித்ரியின் அடி உலோகம் பித்தளை அல்ல, வெண்கலமும் அல்ல. 16 பங்கு துத்தநாகத்துக்கு 1 பங்கு செம்பு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு கிலோ வார்ப்பில் ஏறத்தாழ 940 கிராம் துத்தநாகம், 60 கிராம் செம்பு. பித்தளையில் செம்புதான் அதிகம், துத்தநாகம் குறைவு. இங்கே அது தலைகீழ். இந்த ஒரு வித்தியாசம் புரியாமல் வரையப்படும் படங்களுக்குக் கணக்கே இல்லை.

டெல்லியில் விக்ரம் கோயல் போன்ற வடிவமைப்பாளர்கள் சுவரளவு பெரிய பலகைகளைப் பித்தளைத் தகட்டில் தட்டிப் புடைத்து எடுக்கிறார்கள். நம் ஊர் கோயில்களில் சாமிக்குக் கவசம் அடிப்பதும், தஞ்சாவூர்த் தட்டில் உருவம் எழுப்புவதும் இதே இனத்து வேலைதான். தகடு மன்னிக்கும் உலோகம். அடித்து அடித்து விறைத்துப் போனால் சூடுகாட்டி இளக்கலாம். கூடப் புடைத்துவிட்டால் திருப்பிப் போட்டு உள்ளே தள்ளலாம். பெரிய அளவு வேண்டுமென்றால் துண்டு துண்டாக அடித்துப் பற்றவைக்கலாம். பித்ரிக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. துத்தநாகம் அறை வெப்பத்தில் வளையாது, முறியும். மெல்லிய காதுள்ள ஜாடி ஒன்று மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தால் பித்தளையில் நசுங்கும், பித்ரியில் காது தனியே வந்துவிடும்.

துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும். செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியில் கொதித்தே போய்விடும். அதனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டு உருக்க முடியாது. மெல்லிய செம்புத் துண்டுகளை உருகிய துத்தநாகத்தில் கரையவிடலாம், அல்லது செம்பு மிகுந்த கலவையைத் தனியே செய்துவைத்துச் சேர்க்கலாம். அவசரப்பட்டால் செம்பு சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும். உளி அந்த இடத்தில் வழுக்கும். சூட்டைக் கூட்டினால் வெண்புகை கிளம்பும். அது துத்தநாக ஆக்சைடு. மூச்சில் போனால் அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். காற்றோட்டம் இல்லாத பட்டறையில் ஆர்டரை இரட்டிப்பாக்கிக் கேட்பவர்கள் இந்தப் புகையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சங்கதி ஈயம். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பித்ரிப் பொருட்களைச் சோதித்ததில் ஈயமும் வெள்ளீயமும் கலந்திருப்பது தெரிந்தது. காயலான் கடைத் துத்தநாகத்தில் இன்றும் ஈயம் வரலாம். காதணி, கைப்பொத்தான் என்று உடம்பில் படும் பொருளாக இருந்தாலோ, வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தாலோ புதுத் துத்தநாகக் கட்டிதான் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். வார்த்த பிறகு ஈயத்தை எடுக்க வழி இல்லை.

உணவுக் கிண்ணம் வரைவது அடிக்கடி நடக்கும் தப்பு. எலுமிச்சை, புளி, தயிர் எதுவாக இருந்தாலும் புளிப்பு பட்டால் துத்தநாகம் கரையும், கறுப்பும் போகும். வெற்றிலைப் பெட்டியில் உலர்ந்த சாமான் இருந்ததால் பிழைத்தது. பழத்தட்டுதான் வேண்டும் என்றால் உள்ளே கண்ணாடித் தட்டு உட்காரும்படி வரையலாம்.

வார்ப்பு ஆமணக்கெண்ணெயும் குங்கிலியமும் பிசைந்த மண்ணில் நடக்கிறது. மண்ணில் ஈரம் மிஞ்சினால் ஊசித் துளைகள் விழும். வார்த்த உடனே அவை தெரியாது. அரம்போட்டு மேல்தோல் போன பிறகுதான் எட்டிப் பார்க்கும். துளை மேல் வெள்ளி வந்துவிட்டால் தப்பிக்கலாம், வெறுமையாக விட்ட இடத்தில் வந்தால் பொருளே வீண். நவீன ரசனைக்கு நிறைய வெற்றிடம் விட்டு ஒரே ஒரு கோடு போடும் வடிவங்கள் பார்க்க எளிமை. செய்ய அவைதான் கடினம். நெருக்கமான கொடிப் பின்னல் வார்ப்பின் குறைகளை மறைத்துவிடும், வெற்றுப் பரப்பு எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கும். எளிய வடிவம்தானே என்று கூலியைக் குறைத்துப் பேசுபவர்களுக்கு இது தெரிவதில்லை.

கனத்தையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் சதுரம், 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு சுவர்ப்பலகை இரண்டரைக் கிலோ வரும். அந்த அகலத்துக்கு வார்ப்பு சமமாக நிற்பதும் சந்தேகம். 10 சென்டிமீட்டர் சதுர ஓடுகளாகப் பிரித்தால் வார்ப்பும் சுலபம், ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும். தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் குழி வெட்டும் அடியை அடித்தளம் தாங்காது.

கோடு என்பது குழி

வார்ப்பைத் தேய்த்து வழவழப்பாக்கியதும் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைப் பூசுவார்கள். துத்தநாகம் கரைசலிலுள்ள செம்பை வெளியே தள்ளும்; அது நுண்ணிய பொடியாக மேலே படிந்து கறுப்பாகத் தெரியும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீலக் கரைசலில் துத்தநாகத் துண்டு போட்டுப் பார்த்தவர்களுக்கு இது பழைய நண்பன். இந்தக் கறுப்பு தற்காலிகம், கூர்முனையால் கீறினால் வெளிறிய கோடு தெரிவதற்காக மட்டும். பின்னால் அரம் படும்போது போய்விடும். தேர்ந்த கைகள் இதன்மேல் அச்சு வைக்காமலே கொடியை நேராக இழுத்துவிடும்.

அடுத்து பொருளை மெழுகும் அரக்கும் சேர்ந்த கலவையால் ஒரு கல்லின் மேல் அசையாமல் ஒட்டிவிட்டு உளியை எடுக்கிறார்கள். இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பாளரின் கோடு இங்கேதான் பொருளாகிறது.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பள்ளம். அதற்கு ஒரு அடி, இரண்டு சுவர். உளி சற்றே சாய்ந்து போவதால் பள்ளம் வாயில் குறுகி உள்ளே ஒரு மயிரளவு அகலமாக இருக்கும். கம்பியை அதன் வாயில் வைத்து முனையால் அழுத்தி, சின்னச் சுத்தியால் தட்டும்போது வெள்ளி நசுங்கி உள்ளே விரிகிறது. வாய் குறுகல் என்பதால் மேலே வர முடியாமல் பூட்டிக் கொள்கிறது. பசை கிடையாது, பற்றவைப்பு கிடையாது. வெள்ளியைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சாய்ந்த சுவர் மட்டுமே.

இதிலிருந்து பல விஷயங்கள் தாமாக வந்துவிடும். கோடுகள் மிக நெருங்கினால் நடுவில் நிற்கும் சுவர் மெலிந்து, சுத்தி அடியில் உதிரும்; இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டராவது உலோகம் நிற்கும்படி வரைவது பாதுகாப்பு. கூர்மையாக மடங்கும் மூலையில் உட்பக்கத்து நுனி தெறிக்கும். நூறாண்டுப் பழைய கொடிகள் வளைந்து வளைந்து போவதில் அழகுணர்ச்சி பாதி, உலோகத்தின் குணம் பாதி. ஒரே கோடு போகப் போக மெலிந்து மறைவது திரையில் சுகமாக இருக்கும். கம்பியோ ஒரே தடிமன். மெலிய வேண்டுமென்றால் வேறு கம்பி, வேறு உளி. ஆகவே படத்தில் இரண்டு அல்லது மூன்று கோட்டு அகலங்களோடு நிறுத்திக்கொண்டு, அவை எந்தக் கம்பிக்கு உரியவை என்று பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

லேசரிலோ கணினி எந்திரத்திலோ குழியை வெட்டிக் கொடுத்தால் வேகமாகுமே என்ற யோசனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை யாருக்காவது வரும். வெட்டலாம். ஆனால் எந்திரம் போடும் குழியின் சுவர் நேராக நிற்கும், உள்ளே விரியாது. கம்பி உட்காரும், பூட்டாது. அரம் போடும்போது முனை கிளம்பி நூல் மாதிரி உருவிக்கொண்டு வரும். கடைசியில் ஒவ்வொரு குழியையும் கையால் மறுபடி உள்ளே சாய்த்து வெட்ட வேண்டியதாகிறது. கணினி உண்மையில் உதவுவது வார்ப்புக்கான மாதிரியில். முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரியை மண்ணில் பதித்தால் இருபது கைப்பிடிகள் ஒரே அளவில் வரும். துத்தநாகம் இறுகும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாக எடுக்க வேண்டும். அரம் தின்னும் அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். திருகாணி இறங்கும் துளை, விளக்குத் தண்டு நுழையும் வாய் போன்ற இடங்களில் இந்தக் கணக்கு தவறினால் வேலை முடிந்த பொருள் பொருந்தாமல் நிற்கும்.

வெள்ளிக் கணக்கு

கம்பி பதிப்பது தார்கஷி. குழியை அகலமாகத் தோண்டி இதழ், இலை வடிவில் வெட்டிய தகட்டை உட்கார வைப்பது தைனிஷான். பதித்தது மேலே புடைத்து நிற்பது ஜர்புலந்த். தகட்டில் பூவை வெட்டி எடுத்துவிட்டு மீதியை மேலே போர்த்தி, பின்னணி வெள்ளியாகவும் பூ கறுப்பாகவும் தெரியச் செய்வது அஃப்தாபி. ஒரே பொருளில் இரண்டு மூன்று வகை கலந்து வருவதும் உண்டு.

10 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி மூடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0.4 மில்லிமீட்டர் கம்பி 5 மீட்டர் போட்டால் மூடி முழுக்கக் கொடி ஓடும். வெள்ளி ஆறரை கிராமுக்குச் சற்று மேலே வரும். அதே மூடியில் கால் மில்லிமீட்டர் தகட்டால் அஃப்தாபி செய்ய 26 கிராம் தகடு வேண்டும். வெட்டி எடுத்த துண்டுகள் திரும்பக் கிடைத்தாலும் வாங்கும்போது முழுத் தகட்டுக்கும் காசு போட வேண்டும். 2025-இல் வெள்ளி கிலோ லட்ச ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது, மூன்று மாதம் முன்பு கொடுத்த விலைப்பட்டியலோடு நின்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். வெள்ளியைக் கிராம் கணக்கில் தனி வரியாகவும், வேலைக்கூலியை இன்னொரு வரியாகவும் பிரித்து எழுதுவதே இருதரப்புக்கும் நியாயம். இரண்டையும் ஒரே தொகையாகக் கட்டிவிட்டால், வெள்ளி ஏறும்போது குறைவது கூலிதான்.

செலவைக் குறைக்க வெள்ளிக்குப் பதில் பித்தளைக் கம்பி பதிப்பது பழைய வழக்கம், அதில் குற்றம் இல்லை, சொல்லி விற்றால். சொல்லாமல் வெள்ளை உலோகத்தைப் பதித்து வெள்ளி என்று விற்பதும், வார்ப்பின்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்து விடுவதும்தான் கேடு. நகப்பூச்சு எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து அடிப்பாகத்தில் தேய்த்தால் பெயிண்ட் பஞ்சோடு வரும். பித்ரிக் கறுப்பு வராது.

கலப்பில்லாத வெள்ளி மென்மையானது, சூடுகாட்டி இளக்கினால் இன்னும் மென்மை. அதனால் குழியின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். நகைக்கடை வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். விறைப்பு கூடுதல், சுத்தி அடி அதிகம் வேண்டும், அடி கூடினால் சுவர் உடையும். சேமிப்பு என்று நினைத்து அதைக் கொடுப்பது சேமிப்பு ஆகாது.

மண்

பீதர்க் கோட்டைக்குள், வெயிலும் மழையும் பல காலமாகப் படாத பழைய கட்டடப் பகுதிகளிலிருந்து எடுக்கும் மண்ணைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நாக்கில் வைத்துப் பார்த்துத் தேர்வார்கள். வெடியுப்பு வகை உப்புகள் அதில் தேங்கியிருப்பதை நாக்கு கண்டுகொள்ளும். மழை பட்ட மண்ணில் அந்த உப்பு கரைந்து போயிருக்கும். மண்ணோடு நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) சேர்த்துத் தண்ணீரில் குழைத்து, மிதமாகச் சூடாக்கிய பொருளின்மேல் பூசித் தேய்க்கிறார்கள். மேல்தோலில் துத்தநாகம் கரைந்து வெளியேறச் செம்பு மிகுந்து நிற்கிறது. கறுப்பைத் தருவது அந்தச் செம்பின் சேர்மங்கள். வெள்ளியை இந்தக் கலவை தொடுவதில்லை. செம்பே இல்லாத துத்தநாகத்தில் இந்தக் கறுப்பு பிடிக்காது. ஒரு கிலோ வார்ப்புக்குள் ஒளிந்திருந்த 60 கிராம் செம்பின் வேலை இப்போதுதான் தெரிகிறது.

நவச்சாரம், வெடியுப்பு, மயில்துத்தம் கலந்த கரைசலாலும் கறுக்க வைக்கலாம், மண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் பட்டறைகள் மண்ணை விடாததற்குக் காரணம் உண்டு. எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, எந்தக் கட்டத்தில் கழுவுவது என்பதெல்லாம் தலைமுறையாக அந்த மண்ணுக்கு ஏற்பப் பழகிய கணக்கு. கலவையை மாற்றினால் அந்தக் கணக்கு மொத்தத்தையும் புதிதாகக் கற்க வேண்டும்.

இங்கே வெளிப்படும் குறைகள் எல்லாம் முந்திய கட்டங்களில் செய்தவை. விரல் எண்ணெய் இருந்த இடம் திட்டாக வெளிறும். செம்பு குறைந்த வார்ப்பு கரும்பழுப்பிலேயே நின்றுவிடும். கைப்பிடியை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தால் பற்று மட்டும் கறுக்காமல் சாம்பல் வளையமாகத் தெரியும். இதை மறைக்கத்தான் பழைய கெண்டிகளில் மூட்டு வரும் இடத்தில் ஒரு வெள்ளிப் பட்டை ஓடுகிறது. மூட்டை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் படம் போட்டால், கடைசி நாளில் அந்த வளையம் வந்து நிற்கும். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. முதல் மாதிரியை மட்டுமாவது கறுப்பு வரைக்கும் முழுக்க முடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு உலோகம் ஊற்றுவது நல்லது. பாதி வேலையின் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துச் சரி சொல்வதால் பயன் இல்லை. அந்தப் படத்தில் இருப்பது வெளுப்பின்மேல் வெளுப்பு.

கழுவித் துடைத்ததும் எண்ணெய் தேய்க்கிறார்கள், கறுப்பு ஆழமாகிறது. வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியதும் இதுவே: மெல்லிய துணியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். புளி, பாத்திரம் துலக்கும் பொடி, வெள்ளி நகையை முக்கி எடுக்கும் திரவம் எதையும் காட்டக் கூடாது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்துப் பித்ரியையும் புளி போட்டுத் துலக்கினால், விளக்கு பளபளக்கும், பித்ரி வெளுத்துவிடும்.

வெள்ளி மங்காமல் இருக்க மேலே லாக்கர் என்ற கண்ணாடி போன்ற பூச்சை அடித்துத் தரும்படி கேட்பது புதிய வடிவமைப்பாளர்களிடம் பெருகியிருக்கிறது. கடையில் வைத்திருக்கும் வரை நன்றாகவே இருக்கும். ஆனால் லாக்கர் எண்ணெயை உள்ளே விடாது. கறுப்புக்கு உரிய மங்கலான ஆழம் போய் பிளாஸ்டிக் மினுமினுப்பு வந்துவிடும். சில வருடத்தில் விளிம்பில் மஞ்சளித்து உரியத் தொடங்கும். லாக்கர் இல்லாத பொருள் வெளுத்தால் பீதருக்கு அனுப்பி மறுபடி மண் பூசி வாங்கலாம், வெள்ளி அசையாது. லாக்கர் அடித்ததை முதலில் மருந்து போட்டு உரித்து, குழி ஓரங்களில் தங்கியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மண்ணே பிடிக்கும்.